அரை லிட்டர் எங்கே போச்சு?

ஒரு பி.காம். பட்டதாரியிடம் அரை லிட்டர் ஆயிலுக்குக் கணக்குக் கேட்டு, அவன் திருதிருவென்று முழித்த கதை இது. முழித்த பட்டதாரி அடியேன். கேட்ட இடம் பொள்ளாச்சி. கேட்டவர் ஆறாங்கிளாஸைத் தாண்டாத ஒரு மெக்கானிக் பெரியவர்.

முதலில் வண்டியைப் பற்றி. 1984 மாடல் 350 சி.சி. புல்லட். தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடலாம், அப்படி ஒரு சத்தம். வால்பாறையில் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸில் அப்பா கிளார்க்காக இருந்தபோது, ஊரைவிட்டுக் கிளம்பிய துரை ஒருவரிடம் 1989-ல் வாங்கினாராம். (எஸ்டேட்டில் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வார்கள். வெள்ளைக்காரன் போய்விட்டான், பட்டம் மட்டும் இங்கேயே செட்டிலாகிவிட்டது.) பெட்ரோல் டாங்க் மேல் நான், நடுவில் அப்பா, பின்னால் அம்மா. எங்கள் குடும்ப போட்டோவே அதுதான்.

1998-ல் திருச்சிக்கு வந்தோம். வண்டியும் லாரியில் வந்தது. இப்போது அது என் வசம். ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு, மற்ற ஆறு நாள் மாடிப்படிக்குக் கீழே ரெஸ்ட். கவர்ன்மென்ட் உத்தியோகம்கூட இவ்வளவு சுகமாக இருக்காது!

போன வருஷம் அம்மா போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் அப்பா ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த நாலு வார்த்தையையும் இரண்டாகக் குறைத்துக்கொண்டார். திடீரென்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, "பொங்கல் கழிச்சு வால்பாறை வரைக்கும் ஒரு தடவை போய்ட்டு வரணும்" என்றார்.

"கார் சொல்லிடட்டுமாப்பா?"

"வண்டியிலயே போவோம்."

எழுபத்திரண்டு வயசு. 40 கொண்டை ஊசி வளைவு. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

* * *

அதற்கு மறுநாள்தான் மாடிப்படிக்குக் கீழே அந்தக் கறுப்புப் பொட்டைப் பார்த்தேன். எட்டணா அகலம். என்ஜினுக்கு நேர் கீழே.

அப்பாவிடம் சொன்னால், "அப்ப வேண்டாம், விடு" என்று இரண்டே வார்த்தையில் பயணத்தை முடித்துவிடுவார். அதனால் சொல்லவில்லை. பொட்டின் மேல் கோலப்பொடி டப்பாவை நகர்த்தி வைத்தேன்.

ஞாயிறு காலை வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிப் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே! ஆஹா, ஒழுகி ஒழுகித் தீர்ந்துவிட்டது என்று 200 மில்லி ஊற்றினேன். அடுத்த ஞாயிறு பார்த்தால் மறுபடியும் கீழ்க்கோடு. மறுபடியும் 200. பொட்டு எட்டணாவிலிருந்து வடை சைஸுக்கு வளர்ந்திருந்தது. மூன்றாவது ஞாயிறும் அதே பூஜை, அதே நைவேத்தியம்.

நடுவில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஸ்பானரை எடுத்தார். கண்ணில் பட்ட போல்ட்டையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். டாப்பெட் மூடியைக் கழற்றிச் சுற்றிலும் பசை தடவினார். வாஷர் மாற்றினார். "இனிமே ஒரு சொட்டு வந்தா என்னைக் கேளுங்க" என்று 950 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஒரு சொட்டு என்ன, ஒன்பது சொட்டு வந்தது. கேட்கப் போனேன். கடை பூட்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒழுகுகிறதே என்று கண்ட கண்ட போல்ட்டை முறுக்குவது, வயிற்றுவலிக்குச் சட்டைப் பொத்தானை இறுக்கிப் போடுகிற மாதிரி. மெல்லிசான மூடிகளை அளவுக்கு மேல் முறுக்கினால் வளைந்துபோகும். ஒழுகாத இடமும் அப்புறம் ஒழுக ஆரம்பிக்கும். இந்த ஞானம் எனக்கு 950 ரூபாய் கொடுத்தபோது இல்லை.

* * *

பொங்கல் முடிந்த கையோடு, விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். அம்மா உட்கார்ந்த இடத்தில் அப்பா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் புது ஹெல்மெட். விண்வெளிக்குப் போகிற ஊராட்சித் தலைவர் மாதிரி இருந்தார்.

காவிரிக் கரையோரமாகக் கரூர் சாலை. இருட்டில் வாழைத்தோப்பு வாசனை, குளித்தலையில் சூடான டீ. வண்டி தாளம் தப்பாமல் ஓடியது. அப்பா டாய்லெட் பக்கம் போன நேரம் பார்த்து, குனிந்து என்ஜினைத் தடவினேன். இடது பக்கம் பூராவும் ஈரம். துணியால் துடைத்து, துணியை டாங்க் பைக்குள் ஒளித்தேன். அவர் வரும்போது தலை வாரிக்கொண்டிருந்தேன்.

கரூர் தாண்டி, மூலனூர் வழியாகத் தாராபுரம். அங்கே இட்லி சாப்பிட நிறுத்தினோம். அப்பா கை கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வேட்டியை வேறு மாதிரி கட்டியிருந்தார். இடது பக்கம் ஒரு துண்டையும் தொங்கவிட்டிருந்தார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன். காலை எட்டு மணிக்கு ஏது வெயில்? நினைக்கிற நேரத்தில் எனக்குப் பொங்கல் வந்துவிட்டது.

உடுமலைப் பக்கம் காற்றாடி ஆலைகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. காற்று பக்கவாட்டில் தள்ளியது. தூரத்தில் மலை நீலமாக எழுந்தது. முதுகுப்பக்கம் அப்பா நிமிர்ந்து உட்காருவது தெரிந்தது.

பொள்ளாச்சிக்குள் நுழைந்து ஒரு வளைவில் சாய்த்துத் திரும்பினேன். பின்சக்கரம் வாழைப்பழத் தோலை மிதித்த மாதிரி ஒரு ஜாண் வழுக்கியது. அவ்வளவுதான், ஒரே ஒரு ஜாண். வண்டி தானே நிமிர்ந்துகொண்டது. ஆனால் அப்பாவின் இரண்டு கையும் என் தோளை இறுக்கிப் பிடித்தன. வால்பாறையை விட்டு வந்த பிறகு அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவையோ என்னவோ.

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின் டயரின் இடது ஓரம் மினுமினுவென்று ஆயில். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே டயரை வைத்துக்கொண்டுதான் 40 கொண்டை ஊசியில் ஏறுவதாக இருந்தேன்.

* * *

ரோட்டோரத்தில் தகரக் கொட்டகை ஒன்று. போர்டு கிடையாது. வாசலில் மூன்று பழைய புல்லட்கள் நின்றன, அதுவே போர்டு. உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார்.

"வாங்க தம்பி. என்னுங்க பிரச்சினை?"

"ஆயில் லீக்குங்க. எங்கேயிருந்துன்னு தெரியல."

அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "வண்டி தினமும் ஓடுதுங்களா?"

"வாரம் ஒரு தடவை."

"ஆயில் அளவு எப்பப் பாப்பீங்க?"

"காலையில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி." இந்த ஒழுங்குக்கு ஒரு சபாஷ் கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன்.

"கொறஞ்சிருக்கும். ஊத்துவீங்க. இதுவரைக்கும் எத்தன ஊத்தீருப்பீங்க?"

"மூணு தடவை. மொத்தம் 600 மில்லி."

"கீழ ஒழுகுனது எத்தன இருக்கும்?"

பொட்டுகளை மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். "மிஞ்சிப்போனா... ஒரு அம்பது மில்லி."

"அப்ப மிச்சம் அரை லிட்டருக்கு மேல எங்கீங்க தம்பி போச்சு?"

முழித்தேன்.

மண்ணெண்ணெய் நனைத்த துணியால் என்ஜினைச் சுத்தமாகத் துடைத்தார். காயவிட்டார். பிறகு அலமாரியிலிருந்து முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவை எடுத்து, என்ஜின் முழுக்கத் தட்டினார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்ன மாதிரி வண்டி வெள்ளைவெளேரென்று நின்றது. டயரைச் சோப்புத் தண்ணி போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக் டிரம்முக்குள் ஆயில் போகவில்லை என்று பார்த்துக்கொண்டு, "மெதுவா அஞ்சு கிலோமீட்டர் போய்ட்டு வாங்க. ஒருத்தரா" என்றார்.

திரும்பி வந்தபோது உட்கார்ந்து காட்டினார். சிலிண்டர் பக்கம் பவுடர் அப்படியே இருந்தது. பசை தடவிய டாப்பெட் மூடியில் ஒரு சுவடுகூட இல்லை. (என் 950 ரூபாய் அங்கே வெள்ளையாகச் சிரித்தது.) கீழே இடது பக்கம், என்ஜின் மூச்சு விடுகிற குழாயின் வாயில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு ஆரம்பித்து, பின்சக்கரத்தை நோக்கிப் போயிருந்தது.

"ஆயிலு கீழ எறங்கும். ஓடுற வண்டியில காத்து அதைப் பின்னால தள்ளும். அதனால ஈரத்துலயே ஒசரமா, முன்னால எது இருக்குதோ அதுதானுங்க ஊத்து. மத்ததெல்லாம் வாய்க்கால். நீங்க வாய்க்காலை அடைச்சுட்டு இருந்தீங்க."

அப்புறம் அந்தக் குச்சியை உருவினார். ஓடி வந்த சூட்டோடு ஐந்து நிமிஷம் விட்டு, வண்டியை நேராக நிறுத்தி. மேல்கோட்டுக்கும் மேலே, ஏகத்துக்கும் மேலே நின்றது ஆயில்!

* * *

விஷயம் இதுதான். இந்தப் பழைய என்ஜினின் அடிவயிற்றில் இரண்டு அறை. ஒன்றில் ஆயில் குடியிருக்கிறது. பக்கத்து அறையில் கிராங்க் சுழல்கிறது. ஓடும்போது ஒரு பம்ப் ஆயிலை எடுத்து அனுப்பும். இன்னொரு பம்ப், வேலை முடிந்து கீழே வழிந்ததை வாரிக்கொண்டு வந்து முதல் அறையில் சேர்க்கும். வண்டி நாள்கணக்கில் சும்மா நின்றால், முதல் அறை ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குப் போய்விடும். அளவுக் குச்சி இருப்பதோ முதல் அறையில். பார்த்தால் கம்மியாகத்தானே காட்டும்?

அதாவது ஆயில் தொலையவில்லை. பாங்க் கணக்கிலிருந்து கைரொக்கத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கான்ட்ரா என்ட்ரி! முதல் வருஷ பி.காம். பையனுக்குத் தெரிந்த சமாசாரம். அதை நான் செலவு என்று எழுதி, ஒவ்வொரு ஞாயிறும் கடன் வாங்கி ஊற்றியிருக்கிறேன். வண்டி கிளம்பியதும் பம்ப் எல்லாவற்றையும் வாரி முதல் அறைக்குக் கொண்டுவர, அங்கே இடமில்லாமல் உபரி ஆயில் மூச்சுக்குழாய் வழியாக வெளிநடப்பு செய்திருக்கிறது.

போதாக்குறைக்கு இன்னொன்று. பிஸ்டன் ஒவ்வொரு தடவை கீழே இறங்கும்போதும் அடியில் இருக்கிற காற்றை அமுக்கும். 346 சி.சி. என்ஜின். இரண்டு டம்ளர் காற்று என்று வைத்துக்கொள்ளுங்களேன். நிமிஷத்துக்கு இரண்டாயிரம், மூவாயிரம் தடவை அமுக்கும். அந்தக் காற்று வெளியே போகவும், திரும்ப உள்ளே வராமல் இருக்கவும் குழாயின் முனையில் வாத்தின் அலகு மாதிரி ஒரு சின்ன ரப்பர் உண்டு. என் வண்டியில் அது வயசாகிக் கட்டையாக விறைத்து, பாதி வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சு விட முடியாத என்ஜின் என்ன செய்யும்? கிடைத்த சந்து பொந்திலெல்லாம் ஆயிலைப் பிதுக்கும். மாடிப்படிப் பொட்டுகளுக்கு அதுதான் காரணம்.

பெரியவர் கீழே ஒரு டப்பாவை வைத்து உபரி ஆயிலை இறக்கினார். அளந்து காட்டினார். அரை லிட்டருக்குச் சற்றே கம்மி. என் கணக்கு அன்றைக்குத்தான் டேலி ஆனது. மிச்சம் வழியெங்கும் சாலைக்கு நான் செய்த தானம். புது ரப்பரை மாட்டினார். ஒரு போல்ட்டைக்கூட முறுக்கவில்லை.

"இனிமே அளவு பாக்கறதுன்னா, பத்து நிமிஷம் ஓட்டி, அஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. மேல்கோட்டுக்கு மேல சொட்டு வேண்டாம். மாசம் ரெண்டு தடவையாச்சும் ஓட்டுங்க. சும்மா நிக்கற வண்டிதான் அதிகமாக் கெட்டுப்போகுது." பிறகு குரலை மாற்றினார். "டயர்ல ஆயிலோட மலை ஏறப் பாத்தீங்களே தம்பி, பெரியவரைப் பின்னால வெச்சுட்டு... முன்னமே தெரியாதுங்களா?"

"தெரியும்" என்று தலையைக் குனிந்தேன். "அப்பாகிட்ட சொன்னா பயணத்தை நிறுத்திடுவார்னு சொல்லல."

கொட்டகை வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா மெல்ல எழுந்தார். இடுப்பிலிருந்து தொங்கிய துண்டை எடுத்தார். வேட்டியின் இடது பக்கம், முழங்காலிலிருந்து கரை வரைக்கும் கறுப்புப் பொரியாக ஆயில் தெறித்திருந்தது.

"குளித்தலையிலேயே பாத்தேன். சொன்னா நீ வண்டியைத் திருப்பிடுவியோன்னு..."

பெரியவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல குடும்பமுங்க!" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். ரப்பருக்கும் வேலைக்கும் சேர்த்து 200 ரூபாய். பவுடருக்குக் காசு வாங்கவில்லை.

* * *

ஆழியாறு அணையை ஒட்டிப் போகும்போது தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. செக்போஸ்ட், குரங்கு அருவி, அப்புறம் முதல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் 1/40, 2/40 என்று போர்டு இருக்கிறது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அப்பா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தார். ஒரு வருஷமாக அவர் பேசியதைவிட அதிகம்!

ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே அணை ஒரு தட்டில் ஊற்றின பாயசம் மாதிரி கிடந்தது. பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள், கொண்டை ஊசியே தேவையில்லாமல் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தன. நான் முதல் வேலையாகக் குனிந்து என்ஜினைப் பார்த்தேன். பவுடர் வெள்ளை மாறவில்லை. டயர் காய்ந்திருந்தது.

"காஞ்சிருக்குப்பா" என்றேன். ஒளிக்காமல் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாவுக்குக் கொண்டை ஊசின்னா பயம். இங்க வந்ததும் இறங்கிடுவா. வளைவு வரைக்கும் நடந்து வந்து, அதுக்கப்புறம்தான் ஏறுவா."

"நாப்பதுக்குமா?"

"முதல் வருஷம் நாப்பதுக்கும். அப்புறம் இது ஒண்ணுக்கு மட்டும், பழக்க தோஷம்."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, ஆயில் கறை வேட்டியோடு நடக்க ஆரம்பித்தார். நான் வண்டியை முதல் கியரில் போட்டு, ஒரு பத்தடி பின்னால், டுப்... டுப்... என்று அவர் வேகத்துக்கு ஊர்ந்தேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடிக்க வாயெடுத்து, என்னவோ தோன்றி அடிக்காமல் சுற்றிக்கொண்டு போனார். வளைவு தாண்டியதும் அப்பா ஏறிக்கொண்டார். "போலாம்."

அட்டகட்டி தாண்டியதும் பனி வந்து மூக்கைத் தொட்டது. அதற்குமேல் தேயிலை, தேயிலை, தேயிலை. வால்பாறையில் அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டில் தங்கினோம். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் இப்போது வேறு யாரோ. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில், சிமென்ட் தரையில், மழை முப்பது வருஷம் கழுவியும் போகாத ஒரு கறுப்புப் பொட்டு. காலால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அப்பவும் ரப்பர்தான்" என்றார்.

"தெரியுமாப்பா உங்களுக்கு? அப்ப மூணு வாரமா நான் ஊத்தினப்ப சொல்லியிருக்கலாம்ல?"

"நீ ஊத்தினது எனக்கு எப்படிடா தெரியும்? கோலப்பொடி டப்பாவைத்தானே பாத்தேன்!"

ராத்திரி வண்டிக்குக் கீழே பழைய பேப்பரை விரித்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் பனி ஈரம் மட்டும்தான். சந்தோஷத்தில், பழக்க தோஷமாக, கை தானாக அளவுக் குச்சிக்குப் போனது.

திண்ணையிலிருந்து குரல் வந்தது: "ஓட்டிட்டு வந்து பாருடா... பி.காம்!"